பதினாலாம் நம்பர் ஹாலில் நாற்பத்து மூன்று பேர்

ரோசலினால் ஓர் இடத்தில் சும்மா உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போதுகூட அவளுடைய வலது பாதம் பெஞ்சுக்கடியில் தையல் மெஷின் மிதிப்பதுபோல ஆடிக்கொண்டேயிருக்கும். "செத்த நேரம் அந்தக் கால ஆட்டாம இரு ரோசி, பெஞ்சே ஆடுது" என்று கணவன் ஜெரோம் காதோடு சொல்வான். நிறுத்துவாள். அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் மறுபடி ஆட ஆரம்பித்துவிடும். வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினால், நாலு எட்டு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்து, பூட்டை நம்பாத ஒரே பெண் இவள்தான் என்று ஜெரோம் தெருவெல்லாம் சொல்லிக் கேலி செய்வான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ எண்ணுகிற வேலை. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு கல்லூரியின் இணையவழிக் கல்விப் பிரிவில் அவள் புள்ளிவிவர உதவியாளர். ஒப்பந்தப் பணிதான், எட்டு வருடமாக. எந்தப் படிப்பில் எத்தனை பேர், அவர்களில் நேரில் வந்து படிப்பவர் எத்தனை, வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிப்பவர் எத்தனை என்று பல்கலைக்கழகம் கேட்கும் படிவங்களையெல்லாம் நிரப்பி அனுப்புவாள். அனுப்பிய பிறகும் மனது ஆறாது. நகலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தரத்துக்கு மூன்று தரம் கூட்டிப் பார்ப்பாள். எட்டு வருடத்தில் கூட்டல் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

கூட்டல் தப்பவில்லை. ஆனால், அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தப்பு வேறொரு வாசல் வழியாக வந்து அவள் மேஜை முன்னால் நின்றது.

வந்தவள் தமிழ்மதி. சிறுமலையிலிருந்து வந்து கல்லூரி விடுதியில் தங்கி, பி.எஸ்ஸி. புள்ளியியல் இரண்டாம் வருடம் படிக்கும் பெண். கையில் மடித்த காகிதம்.

"மேடம், இது நீங்க போட்ட லிஸ்டாம்ல?"

ரோசலின் வாங்கிப் படித்தாள். விடுதி அலுவலகத்தின் கடிதம். ‘இணையவழி மாணவியர் விடுதியில் தங்க விதியில் இடமில்லை. வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அறையைக் காலி செய்யவும்.’

"நான் ஆன்லைன் மாணவியா மேடம்?" என்று கேட்டாள் தமிழ்மதி. "தெனமும் ஒங்க ஜன்னலத் தாண்டித்தான கிளாஸுக்குப் போறேன்? போன வாரம் செருப்பு அறுந்து நின்னப்ப நீங்கதான ஊக்கு குடுத்தீக? ஆன்லைன்ல படிக்கிறவளுக்குச் செருப்பு எதுக்கு மேடம் அறுந்துபோகுது?"

அந்த ஊக்கு அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான்.

"பதினோரு பேருக்கு லெட்டர் வந்திருக்கு. மத்தவளுக எல்லாம் வேடசந்தூரு, சின்னாளபட்டின்னு பக்கத்து ஊர்க்காரிக. டவுன் பஸ்ல வந்துட்டுப் போயிருவாளுக. எங்க மலைக்கு நாள் முழுக்க நாலஞ்சு பஸ்ஸுதான். மொத பஸ்ஸ விட்டு எறங்குனா இங்க மூணாவது பீரியட் ஓடிக்கிட்டிருக்கும். வாரத்துக்கு ஆறு நாளும் அப்பிடி வந்தா எனக்கு அட்டெண்டன்ஸ் ஏது, பரீட்சை ஏது?" அவள் துப்பட்டா நுனியால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். "வார்டன் சிஸ்டரக் கேட்டேன். ‘லிஸ்ட்டுல அப்பிடித்தான் இருக்கு, போட்டது ரோசலின் மேடம்’னுட்டாங்க."

அவள் போனதும் ரோசலின் பீரோவைத் திறந்து அந்த வருடத்துப் படிவத்தின் நகலை எடுத்தாள். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. புள்ளியியல், இரண்டாம் வருடம், இணையவழி மாணவர்: நாற்பத்து மூன்று. அவளுடைய உருண்டையான கையெழுத்து. பக்கத்தில் சின்னதாக ஓர் ஒப்பம். படிவத்தோடு இணைத்த பெயர்ப் பட்டியலின் ஒரு நகல் விடுதிக்கும் போயிருந்தது.

நடந்தது இதுதான். புள்ளியியல் படிப்பு புதிதாகத் தொடங்கியது. ஐந்து பாடங்களில் மூன்றுக்குக் கல்லூரியில் ஆசிரியர் கிடைக்கவில்லை. அதனால் அந்த மூன்றையும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அவர்கள் ஊரில் இருந்தபடியே நடத்துவார்கள். இங்கே பதினாலாம் நம்பர் ஹாலில் பெரிய திரையில் அவர்கள் முகம் தெரியும். நாற்பத்து மூன்று பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். கொரோனாக் காலத்தில் முதன்முதலாகத் திரை மாட்டியது அந்த ஹாலில்தான். அன்றிலிருந்து கல்லூரியில் முதல்வர் முதல் தோட்டக்காரர் வரை அதற்கு ஒரே பெயர், ‘ஆன்லைன் ஹால்’.

பல்கலைக்கழகப் படிவமோ ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தது. ‘இணையவழியில் பயிலும் மாணவர் எத்தனை பேர்?’ இணையவழி என்றால் என்ன என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. ரோசலின் போன் போட்டுக் கேட்டாள். அந்தப் பக்கம் யாரோ அவசரத்தில் இருந்த ஆள், "வாத்தியார் ஸ்கிரீன்ல வந்தா ஆன்லைன்தான மேடம்? போட்டுட்டுப் போங்க" என்றார். ஆன்லைன் ஹாலில் இருப்பவர்கள் ஆன்லைன் மாணவர்கள். எவ்வளவு சுலபம்! பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவள், இதை ஒரு தரம்கூட இழுத்துப் பார்க்கவில்லை.

"என்னக்கா, மொகம் செத்துப் போச்சு?" என்று உள்ளே வந்தாள் ஆரிபா. பதினாலாம் ஹாலின் கம்ப்யூட்டர் உதவியாளர். திரையைப் போடுவதும், சத்தம் வைப்பதும், ஒவ்வொரு பெஞ்சாகப் போய் வருகை எடுப்பதும் அவள்தான். பேகம்பூர்ப் பக்கம் அவள் மாமா பிரியாணிக் கடை வைத்திருக்கிறார்.

ரோசலின் சொன்னாள். ஆரிபா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "யா அல்லா! எங்க மாமா கடையில சில பேரு பார்சல் வாங்கி, வாசல் பெஞ்சுலயே பிரிச்சு வெச்சுத் தின்னுட்டு, கை கழுவத் தண்ணியும் கேப்பாங்க. அவங்கள ‘பார்சல் ஆளு, தண்ணி கெடையாது’ன்னு வெரட்டுன கதையால்ல இருக்கு இது! பெஞ்சு பெஞ்சாப் போயி தலைய எண்ணுறேன்க்கா நான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கேட்டிருக்கலாம். பக்கத்து அறைதான். இருபது எட்டு நடந்தால் போதும்.

ரோசலினுக்கு இது வெறும் தப்பாகப் படவில்லை. பாவமாகப் பட்டது. காரணம் இருக்கிறது.

பதினேழு வயதில், பிளஸ் டூவில் நல்ல மார்க்கு வாங்கி, மதுரையில் ஒரு பெரிய கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. இடம் கிடைத்தது, விடுதி கிடைக்கவில்லை. "பொட்டப்புள்ள தெனமும் ரயில்ல போய்ட்டு வாரதெல்லாம் ஆகாது" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தபால் வழியில் பி.காம். சேர்ந்தாள். சணல் கயிறு கட்டிய புத்தகக் கட்டைத் தபால்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போவார். அடுப்படியில் குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே படித்தாள். முதல் வகுப்பில் தேறினாள். பட்டமும் தபாலில்தான் வந்தது. அதைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் டீ கேட்டார்.

அதன் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் முதல் கேள்வி, "ரெகுலரா, கரஸா?" தபால் படிப்பை ஊர் அப்படித்தான் சொல்லும். ‘கரஸ்’ என்று சொன்னதும் எதிரே இருப்பவர் பேனாவை மூடுவார். அந்த மூடி மூடும் சத்தம் அவளுக்கு இன்றைக்கும் காதில் கேட்கும். பெண் பார்க்க வந்தபோது ஜெரோமின் அம்மாகூட, "பொண்ணு கரஸ்லதான படிச்சது?" என்று இழுத்தார். "நான் படிப்பயா கட்டப் போறேன்? புள்ளயத்தான கட்டப் போறேன்?" என்று ஜெரோம் எல்லார் முன்னாலும் சொன்னான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் எத்தனை முறை பால் வாங்க மறந்தாலும் அவள் மன்னித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு கட்டத்துக்குள் தன்னைத் தள்ளிப் பூட்டிய அதே ஊரின் சாவியை இப்போது தானே எடுத்து, நாற்பத்து மூன்று பிள்ளைகளின் மேல் திருகிவிட்டோமே! ரோசலின் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மதியம் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் சூசைமாணிக்கத்தின் அறைக்குப் போனாள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். கெட்டவர் அல்ல. பிரிவைத் தன் கையால் தூக்கி நிறுத்தியவர்.

"சார், புள்ளியியல் பிள்ளைகளத் தப்பாக் காட்டிட்டேன். திருத்தி அனுப்பணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம மொத்தம் எத்தனை ரோசலினம்மா?"

"இருநூத்திப் பன்னண்டு."

"அதுல நாப்பத்து மூணு போனா?"

"நூத்தி அறுபத்தொம்பது."

"இருநூறுக்குக் கீழ போனா என்ன ஆகும்னு ஒனக்கே தெரியும்." மறுபடி கண்ணாடியை மாட்டினார். "பிரிவ இழுத்து மூடிருவாங்க. நான் தமிழ்த் துறைக்குத் திரும்பிப் போயிருவேன். ஒனக்கு எங்கம்மா துறை? ஆரிபாவுக்கு எங்க? ஜூனோட ரெண்டு பேரும் வீட்டுக்கு."

"அந்தப் புள்ளைக படிப்பு போகுது சார்."

"வியாழக்கெழம நம்ம ஆடிட்டோரியத்துலதான் கூட்டமே. அஞ்சு பல்கலைக்கழகமும் உக்காந்து, ஆன்லைன்னா என்ன, அத எப்பிடி எண்ணுறதுன்னு பொதுவா ஒண்ணு முடிவு பண்ணப் போறாங்க. பொறகு பாப்போம்."

"வெள்ளிக்கெழம ரூமக் காலி பண்ணணும் சார்."

"கூட்டத்துல நீ டீ, பிஸ்கட்டப் பாத்துக்க. பேசுற வேல வேண்டாம்." சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்துகொண்டார். ரோசலினின் கால் மேஜைக்கடியில் ஆடியது. அவரும் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மறுநாள் செவ்வாய். மதியம் ஜெரோமுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அவன் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஒன்றரை மணி டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவே அவனுக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தான்.

"என்ன வெஞ்சனம்?"

"முட்டைக்கோஸ்." அவள் நின்றுகொண்டே சொன்னாள். பஸ்ஸின் முன்பக்கம் போனாள், பின்பக்கம் வந்தாள். போகும்போதும் வரும்போதும் கதையைச் சொன்னாள்.

"நீ நடக்குற நடைக்கு ஒனக்கு வத்தலகுண்டுக்கு டிக்கெட் கிழிக்கணும்டி. உக்காரு." அவன் ஒரு வாய் சோற்றை விழுங்கினான். "அந்தப் படிவத்துல என்னதான் கேட்டிருந்தான்?"

"ஆன்லைன்ல படிக்கிறவங்க எத்தனைன்னு."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

ஜெரோம் சிரித்துவிட்டான். "இருவது வருசமா பஸ்ல நான் கேக்குறது ரெண்டு கேள்வி. எங்க ஏறுன, எங்க எறங்குற. ரெண்டையும் கேட்டாத்தான் டிக்கெட். ஒண்ண மட்டும் கேட்டுட்டுக் கிழிச்சா, சின்னாளபட்டியில எறங்குறவன நெலக்கோட்டைக்குக் கொண்டுபோயி விட்டுருவேன். இம்புட்டுப் படிச்ச ஆளுக ஒத்தக் கேள்வியக் கேட்டுட்டா ஒலகத்தையே எண்ணப் பாக்குறாக?"

ரோசலின் நின்றாள். "எங்கயிருந்து பாடம் வருது. எங்க உக்காந்து படிக்கிறான்" என்று தனக்குள் முணுமுணுத்தாள். "ரெண்டு கேள்வி."

"ஆமா. அதச் சொல்றதுக்கு மின்னாடி ஒண்ணு யோசிச்சுக்க. ஒன் வேல?"

அவள் கேரியரை அடுக்கி மூடினாள். டிரைவர் ஹாரனை அடித்தார். ஜெரோம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். "சரி. நீ தூங்காம பொரண்டு பொரண்டு என்னையும் தூங்க விடாம இருக்குறதுக்கு, வேல போறதே மேல்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் பஸ் கிளம்பித் திரும்பும் வரை படியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டு போனான்.

புதன்கிழமை ரோசலின் லீவு போட்டாள். ஒருவேளை தமிழ்மதியால் வீட்டிலிருந்தே திரையைப் பார்த்துப் படிக்க முடியுமோ? முடியுமானால் யாருக்கும் நட்டமில்லை. தன் வேலையும் நிலைக்கும், அவள் படிப்பும் நிலைக்கும். அந்த ஆசையைக் கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. சிறுமலை பஸ்ஸில் ஏறினாள். மலைப்பாதையில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் செல்போனை எடுத்துப் பார்த்தாள். நாலு கோடு மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. பிறகு ஒன்றுமில்லை.

தமிழ்மதியின் அம்மா சண்முகவள்ளி வாசலில் சாக்கு விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். வந்தவள் யார் என்று தெரிந்ததும் அவள் கை நின்றது. உட்காரச் சொன்னாள். மலைவாழைப் பழம் இரண்டு எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"எம்மவள ஆன்லைனுன்னு எழுதுனது நீங்கதானா?"

"நான்தாம்மா."

"வாங்க, காட்டுறேன்." வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு பலாமரம். அதன் கிளையில் ஒரு பழைய துணிப்பை தொங்கியது. "இதுக்குள்ளதான் செல்போன வெச்சுக் கட்டிவிடுவோம். காத்து அடிச்சா ஒரு கோடு வரும். ‘அலோ’ன்னா, அவுக ‘அலோ’ங்கிறதுக்குள்ள போயிரும். கொரோனா வருசம் எம்மவ பத்தாவது. மூணு மாசம் இந்த மரத்தடியில நின்னுக்கிட்டே படிச்சா. அட்டை கடிச்ச தழும்பு இன்னும் கால்ல இருக்கு." சண்முகவள்ளி முந்தானையை இழுத்துச் செருகினாள். "கிளாஸ் மலைக்கு வராதுன்னுதான் புள்ளையக் கீழ எறக்கிவிட்டோம். எறங்குன பெறகு, ‘நீ மேலதான் இருக்க’ன்னு எழுதிட்டீகளே, இது நாயமா?"

ரோசலின் அந்தத் துணிப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சணல் கயிற்றால் கிளையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. புத்தகக் கட்டு வந்த அதே மாதிரிச் சணல் கயிறு.

"பஸ்ஸு வந்துரும். விட்டா அடுத்தது எப்பன்னு சொல்ல முடியாது" என்று சண்முகவள்ளிதான் அவளை நகர்த்தினாள். பழம் இரண்டையும் கைப்பையில் திணித்தாள். கோபம் வேறு, வந்த ஆளை வெறுங்கையாக அனுப்புவது வேறு.

வியாழக்கிழமை. ஆடிட்டோரியத்தில் வட்டமாக மேஜை போட்டு ஐந்து பல்கலைக்கழகங்களின் ஆட்களும் உட்கார்ந்தார்கள். ஐந்துக்கும் பொதுவான புள்ளிவிவரக் குழுவின் தலைவர் கௌசல்யா அம்மையார் நடுவில். ரோசலின் டீத் தட்டோடு சுவர் ஓரம்.

கணக்கைக் கேட்கக் கேட்க, அழுவதா சிரிப்பதா என்று ஆகிவிட்டது. ஒரு பல்கலைக்கழகம், ஐந்து பாடத்தில் ஒன்று இணையத்தில் வந்தாலும் அவரை ஆன்லைன் மாணவர் என்று எண்ணியிருந்தது. அவர்களுக்கு ஒன்பதாயிரம் பேர். இன்னொன்று, ஐந்து பாடமும் இணையத்தில் வந்தால் மட்டுமே எண்ணியது. அவர்களுக்கு முன்னூறு. மூன்றாவது, தலையை எண்ணாமல் பாடத்தை எண்ணியது. ஒரே பையன் ஐந்து பாடம் படித்தால் ஐந்து மாணவர்! நாலாவது, பல்கலைக்கழக இணையதளத்துக்குள் நுழைந்த அத்தனை பேரையும் சேர்த்திருந்தது. பரீட்சை முடிவு பார்க்க வந்தவர்களும் அதில் அடக்கம்.

"ஏனுங்க, உங்குளுது?" என்று ஐந்தாவதின் ஆளைப் பார்த்துக் கேட்டார் பழனிப் பக்கத்திலிருந்து வந்திருந்த நல்லுசாமி.

"கேள்வி புரியலைங்க. போன வருசம் அனுப்புனதையே இந்த வருசமும் அனுப்பிட்டோம்" என்றார் அவர் அப்பாவியாக.

நல்லுசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அஞ்சு பேரு அஞ்சு படியில அளந்துபோட்டு, எவன் களத்துல நெல்லு அதிகம்னு சண்டை போடற கதையாப் போச்சுங்க!"

கௌசல்யா அம்மையார் சிரிக்கவில்லை. "இந்த எண்ணிக்கைய வெச்சுத்தான் படிப்பத் தொறக்கிறாங்க, மூடுறாங்க. நாம சிரிச்சா எப்படி?" என்றார். "இந்தக் கல்லூரியில இருநூத்திப் பன்னிரண்டுன்னு இருக்கு. இது எந்தக் கணக்கு?"

சூசைமாணிக்கம் எழுந்தார். "அது வந்துங்கம்மா, முறையாத்தான்..."

டீத் தட்டில் கோப்பைகள் கிணுகிணுத்தன. ரோசலின் ஓர் எட்டு முன்னால் வந்தாள். தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். வைத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, அந்தக் கணக்குத் தப்பு. போட்டது நான்தான்."

எல்லாத் தலைகளும் திரும்பின. சூசைமாணிக்கம் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நூத்தி அறுபத்தொம்பது பேரு நெசமாவே வீட்ல இருந்து படிக்கிறவங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல லாரிக்கு லோடு ஏத்திக்கிட்டே காதுல மாட்டிப் பாடம் கேக்குற பிள்ளைக இருக்காங்க. அவங்க கணக்கு சரி. மிச்சம் நாப்பத்து மூணு பேரு, இதோ இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் பதினாலாம் ஹால்ல உக்காந்திருக்காங்க. வாத்தியார் திரையில வர்றாருன்னு நான் பிள்ளைகளையும் திரைக்குள்ள போட்டுட்டேன். அதனால நாளைக்கு சாயங்காலம் பதினோரு பொண்ணுகளுக்கு விடுதி இல்ல. அதுல ஒருத்தி சிறுமலை. விடுதி போனா அவளுக்குப் படிப்பே இல்ல." ரோசலின் மூச்சு வாங்கினாள். "படிவத்துல ஒத்தக் கேள்வி இருக்குதும்மா. எங்க வீட்டுக்காரரு கண்டக்டரு. அவரு டிக்கெட் குடுக்கவே ரெண்டு கேள்வி கேப்பாரு. பாடம் எங்கயிருந்து வருது, பிள்ளை எங்க உக்காந்திருக்கு. ரெண்டையும் தனித்தனியாக் கேளுங்க. பெறகு நீங்க யாரை ஆன்லைன்னு சொன்னாலும் சரி, யாரும் காணாமப் போக மாட்டாங்க."

கௌசல்யா அம்மையார் முன்னாலிருந்த பட்டியலை ஒருமுறை பார்த்தார்.

"இவங்க சொல்றது உண்மையா சார்?" என்று கௌசல்யா அம்மையார் சூசைமாணிக்கத்தைக் கேட்டார்.

அவர் கண்ணைத் திறந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஏதோ கேள்விக்குப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து பதில் சொல்லும் சத்தம் வந்தது. அதைக் கேட்ட பிறகு இல்லை என்று சொல்ல எந்த மனிதனுக்கு நாக்கு வரும்?

"உண்மைதாம்மா" என்றார்.

அன்று மாலை வரை பேசியும், ஆன்லைன் என்றால் என்ன என்று ஐந்து பல்கலைக்கழகங்களாலும் ஒரே முடிவுக்கு வர முடியவில்லை. ஒரு பாடமா, எல்லாப் பாடமுமா, பாதிக்கு மேலா என்று இழுத்துக்கொண்டே போயிற்று. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ஆனால் இரண்டு விஷயம் முடிவாயிற்று. பாடத்தை எண்ணாமல் தலையை எண்ணுவது ஒன்று. பாடம் வரும் வழிக்கும் மாணவர் இருக்கும் இடத்துக்கும் தனித்தனிக் கட்டம் என்பது இன்னொன்று. கௌசல்யா அம்மையார் அங்கேயே திருத்தக் கடிதம் கேட்டார். ‘தவறு என்னுடையது’ என்று எழுதி ரோசலின் கையெழுத்துப் போட்டாள். கீழே சூசைமாணிக்கமும் போட வேண்டும்.

அவர் பேனாவைத் திறந்தார். "உக்காந்திருந்த கிளைய நீயே வெட்டிட்டியேம்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியும் சார்."

"நானும் அதே கிளையிலதான் இருந்தேன்." கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடாமல் அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலை. விடுதிக் கடிதம் ரத்தாகிவிட்டது. ரத்தான செய்தியைத் தமிழ்மதிக்குச் சொல்லலாம் என்று போனால் அவள் இல்லை. முந்தின நாள் மதியமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாளாம். வார்டன் கண் முன்னால் சாமான்களை வெளியே வைக்கும் அவமானம் வேண்டாம் என்று, கெடுவுக்கு ஒரு நாள் முன்னாலேயே!

ரோசலின் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். எட்டாவது தடவை மணி அடித்தது. பலாமரத்துக் காற்று சரசரவென்று கேட்டது.

"அலோ" என்றது சண்முகவள்ளியின் குரல்.

"ரூம் இருக்கும்மா! புள்ளைய அனுப்புங்க! ரூம் இருக்கு!" என்று ரோசலின் கத்தினாள். கோடு அறுந்துவிட்டது. கேட்டதோ கேட்கவில்லையோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

புதுப் படிவம் அன்று காலையிலேயே வந்துவிட்டது. இரண்டு கேள்வி, இரண்டு கட்டம். பன்னிரண்டு மணிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். ஜூனுக்குப் பிறகு தனக்கு இந்த நாற்காலி இருக்குமா என்று ரோசலினுக்குத் தெரியாது. ஆரிபா காலையிலிருந்து அவளோடு பேசவில்லை. பேசாமலே ஒரு டம்ளர் டீயை மட்டும் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். கோபத்தில் சர்க்கரை அதிகமாகியிருந்தது.

இந்த முறை ரோசலின் யாருக்கும் போன் போட்டுக் கேட்கவில்லை. படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பதினாலாம் ஹாலுக்குப் போனாள். திரையில் பேராசிரியர் நிகழ்தகவு நடத்திக்கொண்டிருந்தார். ஆரிபா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வழிவிட்டாள். ரோசலின் முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு தலையாக, விரலை நீட்டி, பூசைக்கு வந்த பிள்ளைகளை எண்ணும் உபதேசியார்போல எண்ணிக்கொண்டு போனாள்.

நாற்பத்து இரண்டு.

மறுபடி எண்ணினாள். நாற்பத்து இரண்டுதான். மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"எழுதிட்டு அனுப்புங்கக்கா. வருகைப் பதிவுல பேரு இருக்குல்ல" என்றாள் ஆரிபா, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு முதன்முதலாக வாய் திறந்து.

"வந்து உக்காரட்டும்."

"மணி பதினொண்ணே கால். சிறுமலை பஸ்ஸு எப்ப வரும்னு அந்த டிரைவருக்கே தெரியாது."

"எனக்கும் அது தெரியும்" என்றாள் ரோசலின். ஹால் வாசலில் கேட்டைப் பார்த்து நின்றாள். ஒரு கையில் படிவம், மறு கையில் மூடி திறந்த பேனா. வலது கால் ஆடிக்கொண்டேயிருந்தது. ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் அவள் எட்டிப் பார்த்தாள்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது, கேட்டுக்கு வெளியே ஒரு தகரப் பெட்டி தெரிந்தது. பெட்டிக்குக் கீழே, ஊக்குக் குத்திய செருப்பு.